முப்பது கிலோ தாங்கும்

பிப்ரவரி 4

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். கடிதம் எழுதித் தொந்தரவு செய்வதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். போனில் நாலு வார்த்தையில் முடிய வேண்டிய விஷயம்தான். ஆனால் நம் வீட்டுப் போன் எப்போதும் ஸ்பீக்கரில் இருக்கிறது. அம்மா ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே "நல்லா இருக்கேன்டா, நீ சாப்பிட்டியா" என்பாள். நான் பக்கத்தில் நின்று தலையாட்டுவேன். தலையாட்டுவது போனில் கேட்காது என்று நீங்களே ஒருமுறை சொன்னீர்கள். அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

நீங்களும் அத்தையும் நலமா? அத்தையின் முழங்கால் வலி குறைந்ததா? நாங்கள் நலம் என்று எழுத வேண்டும். அம்மாவின் முதுகு நலமில்லை.

எங்கள் சைக்கிள் ரிப்பேர் கடைக்கு இப்போது மின்சார சைக்கிள்கள் வருகின்றன. இரண்டு தெரு தள்ளி ஒரு டெலிவரி கம்பெனி திறந்திருக்கிறார்கள். சாதாரண சைக்கிள் என்றால் அம்மா ஒரே திருப்பில் தலைகீழாக நிறுத்திவிடுவாள். இது திருப்பும் வண்டி இல்லை. பின்னால் கேரியர், நடுவில் பேட்டரி, ஹேண்டிலில் ஒரு கண்ணாடித் திரை. பழைய இரும்புக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். பேட்டரியோடு இருபத்தொன்பது கிலோ, பேட்டரி இல்லாமல் இருபத்தைந்தரை. அம்மா வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, கீழே சாக்கை விரித்துப் படுத்துக்கொண்டு வேலை செய்கிறாள். எழுந்திருக்கும்போது முதலில் ஒரு கை, பிறகு ஒரு முழங்கால், அதன் பிறகு சுவர். நான் பார்க்காத மாதிரி இருக்க வேண்டும். பார்த்தால், "என்ன, சினிமாவா ஓடுது" என்பாள்.

போன வாரம் அந்தக் கம்பெனி மேனேஜர் வந்தார். வெயிலிலும் மழைக்கோட்டைக் கழற்றாத மனிதர். "அக்கா, நாப்பது வண்டி இருக்கு. எல்லாத்தையும் உங்ககிட்டயே தர்றேன். ஆனா தலைகீழா நிறுத்துறது, தரையில போடுறது இதெல்லாம் வேணாம். ஒரு ஸ்டாண்டு வெச்சுக்கோங்க. மே மாசம் வரைக்கும் பாக்குறேன்" என்றார். அவர் போன பிறகு அம்மா வெகுநேரம் ஒரு துணியால் ஒரே ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

நீங்கள் வெளிநாட்டில் சைக்கிள் கடையிலேயே வேலை செய்கிறவர். இந்த எடைக்கு எந்த மாதிரி ஸ்டாண்டு பார்க்க வேண்டும், எதைப் பார்த்து ஏமாறக் கூடாது என்று இரண்டு வரி எழுதினால் போதும். இணையத்தில் பார்த்தேன். எல்லாம் ஒரே மாதிரி சிவப்பாக இருக்கின்றன.

உங்கள் மருமகள்


பிப்ரவரி 21

என் அருமைப் பட்டதாரிக்கு,

மாமாவின் ஆசிகள். இங்கே இருவரும் சுகம். உன் அத்தையின் முழங்கால் மட்டும் படியைக் கண்டால் சண்டைக்கு வருகிறது. அக்காவை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்.

உன் கடிதத்தைக் கடையில் எல்லோருக்கும் காட்டினேன். "என் அக்கா மகள். எங்க வம்சத்துலயே மொத டிகிரி. சைக்கிளைத் தராசுல போட்டு எழுதியிருக்கா பாருங்க" என்றேன். அது சரி, வேலைக்கு எங்கேயாவது எழுதிப் போட்டாயா? இன்டர்வியூவில் தலையாட்டினால் பொம்மைக் கடையில்தான் கூப்பிடுவார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டாண்டில் மூன்று தினுசு. மோட்டார் வைத்துத் தானே தூக்குவது பெரிய கடைகளுக்கு. கனமான இரும்புத் தட்டில் ஊன்றிய தூண் ஒன்று, அசையவே அசையாது, ஆனால் ஒரே இடத்தில் கிடக்கும். மூன்றாவது மடக்குக் கால் வைத்தது. எதுவானாலும் முதலில் பார்க்க வேண்டியது, எத்தனை கிலோ தாங்கும் என்று தூணிலேயே போட்டிருக்கும் ஸ்டிக்கரை. வண்டி இருபத்தைந்து என்றால் ஸ்டாண்டு முப்பத்தைந்தாவது தாங்க வேண்டும். முப்பதுக்குக் கீழே எழுதியிருக்கிற எதையும் மின்சார வண்டிக்குப் பக்கத்தில்கூடக் கொண்டுபோகாதே. விளையாட்டு இல்லை, கால் போய்விடும்.

பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். வண்டியைப் பிடிக்கிற கவ்வியைச் சீட்டுக் கம்பியில் மட்டும் மாட்ட வேண்டும், நடுக் குழாயில் மாட்டினால் உள்ளே போகிற ஒயர் நசுங்கும். ஸ்டாண்டின் ஒரு கால் வண்டிக்கு நேர் கீழே வர வேண்டும். அழுத்தித் திறக்கிற நட்டுகளைத் தரையிலேயே தளர்த்திவிட்டு அப்புறம் ஏற்றணும்.

நீ கடை கடையாக அலைய வேண்டாம். நான் எதற்கு இருக்கிறேன்? சின்ன வயதில் எனக்கு ஸ்பேனர் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவள் அக்கா. அவளுக்கு ஒரு ஸ்டாண்டு நான் அனுப்ப மாட்டேனா? நல்லதாகப் பார்த்து அனுப்புகிறேன். அக்காவிடம் சொல்லிவிடு.

உன் மாமா


மார்ச் 6

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. அத்தை படியேறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். இங்கே அம்மாவுக்கு இரண்டு நாளாக இருமல், வேறொன்றும் இல்லை.

அம்மாவை ஸ்டூலில் உட்காரவைத்துக் கடிதத்தை வாசித்தேன். முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை வாங்கினாள். அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்றாலும் 'அக்கா' என்ற சொல் எப்படி இருக்கும் என்று தெரியும். நீங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது, சிலேட்டில் எழுதி இதுதான் நீ என்று காட்டினீர்களாம். காகிதத்தில் தேடித் தேடி விரல் வைத்தாள். "நாலு தடவ கூப்பிட்டிருக்கான்" என்றாள். பிறகு அதை ஸ்பேனர் டிராயரில் வைத்துப் பூட்டினாள். அந்த டிராயருக்குப் பூட்டு இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அப்போதிலிருந்து கடை மாறிவிட்டது. ஸ்டாண்டு வரப்போகிற இடத்தில் இருந்த டயர்களையெல்லாம் மாடிப்படிக்குக் கீழே அடுக்கிவிட்டோம். தரை அங்கே சரிவாக இருந்தது. அம்மா தானே சிமெண்ட் குழைத்துச் சமம் செய்தாள். காயும்வரை யாரையும் மிதிக்க விடவில்லை. "எங்க தம்பி அனுப்புறான். அவன் பெரிய கடையில இருக்கான்" என்று பஞ்சர் ஒட்ட வருகிறவர்களிடம்கூடச் சொல்கிறாள். மழைக்கோட்டுக்காரரிடம் மே மாதத்துக்குச் சரி என்று சொல்லிவிட்டாள்.

எதை எடுக்கப்போகிறீர்கள் என்று தெரிந்தால் எழுதுங்கள். அம்மாவின் இடுப்பு உயரத்தை அளந்து இதனுடன் வைத்திருக்கிறேன். கவ்வி அதைவிட ஒரு சாண் மேலே இருந்தால் குனிய வேண்டியிராது.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 2

பட்டதாரிக்கு,

நலம், நலமறிய ஆவல். பதில் தாமதமாகிவிட்டது, கடையில் தலைக்கு மேல் வேலை. ஸ்டாண்டை நேற்று அனுப்பிவிட்டேன். இருபது நாளில் வரும். இருந்த எல்லாவற்றிலும் பார்த்துப் பார்த்து எடுத்தது. மடக்குக் கால் வைத்தது, ஒரு கையால் தூக்கிவிடலாம், அவ்வளவு லேசு. உன் அம்மா ஏதாவது கேட்டால், தம்பி நின்று பொறுக்கி எடுத்தான் என்று சொல்.

உன் மாமா


ஏப்ரல் 24

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நீங்களும் அத்தையும் நலம்தானே? இங்கே வெயில் அதிகம். ஷட்டரைத் தொட்டால் கை பொரிகிறது. மற்றபடி நலம்.

ஸ்டாண்டு நேற்று வந்தது. அம்மா அட்டைப் பெட்டியைக் கத்தியால் கிழிக்க விடவில்லை. டேப்பை ஓரத்திலிருந்து உரித்து, பெட்டியை மடித்து எடுத்து வைத்துவிட்டாள். சிவப்பு நிறம், கறுப்புக் கால்கள். நிறுத்திவிட்டு நாங்கள் இருவரும் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தோம். "உன் மாமா மாதிரியே இருக்கு. ஒல்லியா, நிமிந்து" என்றாள்.

முதல் வண்டியாகப் பக்கத்துத் தெரு டீச்சரின் பழைய சைக்கிளை ஏற்றினாள். அம்மா நின்றபடியே பிரேக் கட்டையை மாற்றியதை நான் முதன்முதலாகப் பார்த்தேன். அவள் உயரமானவள் மாமா. இவ்வளவு நாள் எனக்கு அது தெரியவில்லை. மாலையில் மின்சார வண்டி ஒன்றையும் ஏற்றினோம். நீங்கள் சொன்ன வரிசையை நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவள் ஒவ்வொன்றாகச் செய்தாள். பேட்டரி, தரையில் தளர்த்துவது, சீட்டுக் கம்பி, கீழே கால். ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினோம். நின்றது.

இரண்டு சின்ன விஷயம். கேட்பதற்குத் தயக்கமாக இருக்கிறது. பெட்டியில் கையேடு ஒன்றும் இல்லை. எத்தனை கிலோ என்று போட்டிருக்கும் ஸ்டிக்கர் தூணில் இருக்கும் என்று எழுதியிருந்தீர்கள். அந்த இடத்தில் நாலு மூலையுள்ள பசைத் தடம் மட்டும் இருக்கிறது. விரல் வைத்தால் ஒட்டுகிறது. வழியில் உரிந்திருக்குமோ? இது எத்தனை தாங்கும் என்று ஒரு வரி எழுதுங்கள்.

கவ்வியின் ரப்பரில் துணி சோப்பு வாசனை வந்தது. புதுச் சாமான் அப்படித்தான் மணக்கும் என்கிறாள் அம்மா.

உங்கள் மருமகள்


மே 14

பட்டதாரிக்கு,

நலம். அங்கேயும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறேன். ஸ்டிக்கர் எல்லாம் பார்சலில் உரசி உரிவது சகஜம். முப்பது கிலோ தாங்கும். கம்பெனிக்காரர்கள் எப்போதும் குறைத்துத்தான் எழுதுவார்கள், அப்புறம் வழக்கு கிழக்கு என்று வரக் கூடாது பார். கவலை வேண்டாம். அக்கா வேலையைப் பார்க்கட்டும். நீ உன் வேலையைத் தேடு.

உன் மாமா


மே 29

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். அத்தைக்கும் உங்களுக்கும் உடம்பு சௌகரியம்தானே? அம்மாவின் முதுகு இப்போது பரவாயில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன், ஏனென்றால் அது உங்களால் வந்தது.

மழைக்கோட்டுக்காரர் சொன்னபடி மே முதல் தேதியிலிருந்து வண்டிகளை அனுப்புகிறார். தினமும் மூன்று, சில நாள் நாலு.

நேற்று நான் ஸ்டாண்டைத் துடைத்தபோது இரண்டு விஷயங்களைப் பார்த்தேன். கவ்வியும் தூணும் சேருகிற இடத்தில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூட்டு இருக்கிறது. அதில் முடி அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு. பிளாஸ்டிக் ஸ்கேலை வளைத்தால் ஒடிவதற்கு முன் வெளுக்குமே, அது மாதிரி. வந்த அன்று அது இல்லை.

கவ்விக்கு அடியில் சின்னதாக ஒரு எண் பொறித்திருந்தது. அதை இணையத்தில் தேடினேன். இதே சிவப்பு, இதே கால். பந்தயச் சைக்கிளுக்கானது என்று போட்டிருக்கிறது. பதினைந்து கிலோவுக்கு மேல் ஏற்றக் கூடாதாம். நான் மூன்று இடத்தில் பார்த்தேன். மூன்றிலும் பதினைந்து.

அம்மாவிடம் சொல்லப் பார்த்தேன். "அம்மா, இது கொஞ்சம் லேசா இருக்கோ" என்று ஆரம்பித்தேன்.

"நல்ல சாமான் லேசாத்தான் இருக்கும். கனமா இருக்கணும்னா நம்ம வீட்டு ஆட்டுக்கல்ல வாங்கியிருக்கலாம்."

"இல்லம்மா, எடை..."

"நீ பாக்குறது போன்ல. அவன் பாக்குறது கையில. அவன் வேலையே அதுதான்டி."

பதினைந்து என்ற எண்ணைச் சொல்லவே இல்லை. அந்த ஸ்டாண்டை அவள் பார்க்கிற பார்வை உங்களுக்குத் தெரியாது. சாயங்காலம் மூடும்போது அதன் மேல் ஒரு துணியைப் போர்த்துகிறாள்.

நீங்கள் சொன்னால் கேட்பாள். தயவுசெய்து இந்தக் கடிதம் கிடைத்த அன்றே போன் செய்யுங்கள். அனுப்பியதில் மாடல் மாறிவிட்டது, பெரிய வண்டியை ஏற்றாதே என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். மாறித்தான் போயிருக்கும், எனக்கு அதில் சந்தேகமில்லை.

உங்கள் மருமகள்


ஜூன் 10

பட்டதாரிக்கு,

நலம். உன் கடிதம் நேற்று வந்தது. கம்ப்யூட்டரில் போட்டிருப்பதையெல்லாம் நம்பினால் சைக்கிளில் உட்காரவே முடியாது. நீ பார்த்தது வேறு மாடல், நிறம் ஒன்றாக இருக்கும். வெள்ளைக் கோடு எல்லாம் ஒன்றுமில்லை, அது அச்சில் வார்க்கும்போதே விழுகிற கோடு. இதையெல்லாம் சொல்லி அவளைப் பயமுறுத்தாதே. நேரம் கிடைக்கும்போது நானே பேசுகிறேன். வேலை விஷயம் என்ன ஆயிற்று?

உன் மாமா


ஜூன் 23

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். அத்தையைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பத்தாம் தேதி நீங்கள் எழுதிய கடிதம் நேற்று வந்தது. பதினோராம் தேதி நடந்ததை நீங்கள் போனில் பாதிதான் கேட்டீர்கள். மீதியை எழுதுகிறேன்.

காலை பதினோரு மணி இருக்கும். அன்றைக்கு இரண்டாவது வண்டி. பேட்டரியைக் கழற்றி மேசையில் வைத்திருந்தாள். பெடல் நட்டைத் தரையிலேயே தளர்த்திவிட்டாள். கவ்வி சீட்டுக் கம்பியில், கால் வண்டிக்கு நேர் கீழே. அழுத்தி ஒன்றும் செய்யவில்லை. பின் சக்கரத்தைச் சுற்றிவிட்டு பிரேக் எங்கே உரசுகிறது என்று காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் டியூபுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். சத்தம் பெரிதாக இல்லை. குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். சக்கரம் சுற்றிக்கொண்டே கீழே வந்தது. வலது கையை இழுக்க நேரமில்லை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும்.

அம்மா கத்தவில்லை. "வண்டிக்கு ஏதாவது ஆச்சா பாரு" என்றாள்.

மழைக்கோட்டுக்காரர்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். எலும்பு இரண்டு இடத்தில் முறிவு. கம்பி வைத்திருக்கிறார்கள். ஆறு வாரத்தில் பழையபடி பிடிக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

பதின்மூன்றாம் தேதி நீங்கள் போன் செய்தபோது ஸ்பீக்கரில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். எப்படி இருக்கிறாய் என்று கேட்டீர்கள். அப்புறம், "ஏன்க்கா, கவ்விய சரியா இறுக்குனியா" என்று கேட்டீர்கள்.

அம்மா கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். பிறகு, "என்னமோ தெரியலடா. இறுக்குனேன்னுதான் நெனச்சேன்" என்றாள்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். தலையைக்கூட ஆட்டவில்லை.

விபத்து நடந்த அன்று அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு நான் கடையை மூட நின்றேன். வண்டி தரையில் கிடந்தது. பிளாஸ்டிக் மூட்டு அந்த வெள்ளைக் கோட்டிலேயே இரண்டாக ஒடிந்திருந்தது. கவ்வி மட்டும் சீட்டுக் கம்பியை விடவில்லை. ஸ்டாண்டு உடைந்து, வண்டி விழுந்து, அதற்குப் பிறகும் அம்மா இறுக்கியது இறுக்கியபடி இருந்தது. அதைத் தளர்த்த எனக்கு இரண்டு கையும் தேவைப்பட்டது.

இதை உங்களுக்குத் தெரிவிக்கவே எழுதினேன்.

உங்கள் மருமகள்


ஜூலை 19

அன்பு மருமகளுக்கு அத்தை எழுதுவது,

நாங்கள் நலம். அம்மாவின் கை இப்போது எப்படி இருக்கிறது? கேள்விப்பட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உன் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. உன் மாமா அதைப் படித்துவிட்டு சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறார். பதில் எழுதுங்கள் என்றால், எழுதுறேன் எழுதுறேன் என்கிறார். அதனால் நான் உட்கார்ந்தேன்.

அவர்மேல் கோபித்துக்கொள்ளாதே. கடையிலிருந்து அவரைக் குடோனுக்கு மாற்றி வருஷம் ஒன்றாகிறது. வாடிக்கையாளர் திருப்பி அனுப்புகிற சாமான்களைப் பிரித்து அடுக்குகிற வேலை. நாள் முழுக்க அட்டைப் பெட்டி. உங்களிடம் சொல்லியிருப்பாரே. இங்கே வந்தால் யாரிடமும் பேச மாட்டேன் என்கிறார்.

அந்த ஸ்டாண்டு உங்களுக்கு உபயோகப்படும் என்று நாங்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டோம். அப்படித் திரும்பி வந்ததில் கழித்துப் போட்டதுதான் அது. பால்கனியில் சும்மா நின்றது. நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். புதுசு மாதிரி போகட்டும் என்று அந்த ஸ்டிக்கரை வெந்நீரில் ஊறவைத்துச் சுரண்டச் சொன்னார். லேசில் வரவில்லை, எனக்கு நகம் இரண்டு போயிற்று. இப்போது பால்கனியில் கொடி கட்டிவிட்டோம்.

நல்ல மனசோடு அனுப்பினது. இப்படி ஆகும் என்று யார் கண்டார்கள். அம்மாவைத் தேற்று. உன் வேலைக்கு நான் வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

உன் அத்தை


ஆகஸ்ட் 4

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். அத்தையின் கடிதம் வந்தது. அவருடைய நகம் வளர்ந்துவிட்டதா என்று கேட்டதாகச் சொல்லுங்கள். உண்மையாகத்தான் கேட்கிறேன். அவர் ஒன்றும் அறியாதவர்.

அம்மாவின் கையிலிருந்து கம்பியை எடுத்துவிட்டார்கள். டாக்டர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து நசுக்கச் சொன்னார். நன்றாக நசுக்கினாள். "இந்தக் கைக்கு ஒண்ணும் இல்லம்மா, வேலைக்குப் போகலாம்" என்றார்.

அவள் கடையைத் திறக்கிறாள். வேலை செய்ய முடியவில்லை. ஒரு திருகை இறுக்குவாள். நாலடி நடந்து திரும்பி வந்து மறுபடி இறுக்குவாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, "நீ ஒரு தடவ பாரேன்" என்பாள். எனக்குச் சுற்றத் தெரியுமே தவிர இறுக்கம் தெரியாது, அது அவளுக்கும் தெரியும். போன வாரம் டீச்சரின் சைக்கிளில் ஒரே நட்டை நாலாவது முறை இறுக்கியதில் மரை போய்விட்டது. அம்மா ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "இந்தக் கை என்னை ஏமாத்திடுச்சு" என்றாள். அன்றிலிருந்து பஞ்சர் மட்டும் பார்க்கிறாள்.

மழைக்கோட்டுக்காரர் நல்ல மனிதர். கம்பெனியே ஒரு ஸ்டாண்டு இறக்கித் தருகிறதாம், இரும்புத் தட்டில் ஊன்றியது, ஐம்பது கிலோவுக்கானது. ஸ்டிக்கரை நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். "செப்டம்பர் மொத தேதி வாங்க அக்கா. இல்லன்னா நான் வேற ஆளப் பாக்கணும்" என்றார். அம்மா அவரிடம், "என்கிட்ட குடுக்காதீங்க தம்பி. யார் உசுராவது போயிடும்" என்றாள்.

அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பதினைந்து கிலோ, வெள்ளைக் கோடு, கவ்வி விடாமல் இருந்தது. உடைந்த மூட்டைக் கையில் கொடுத்தேன். "ஒடஞ்ச சாமான் மேல பழி போடாத. ஏழு வாரம் தாங்கல?" என்றாள். எனக்குப் பதினான்கு நாள் முன்பே தெரியும், உனக்குச் சொல்லாமல் மாமாவுக்குக் கடிதம் எழுதிவிட்டுக் காத்திருந்தேன் என்றேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு பகல் முழுக்க ஆயிற்று. அவள் என் தலையைத் தடவி, "தெரிஞ்சிருந்தா நீ சும்மா இருப்பியா? என் மனசு ஆறட்டும்னு சொல்ற. போடி" என்றாள். உண்மையைச் சொல்லியும் நம்பவைக்க முடியவில்லை. அவள் என்னை அவ்வளவு நம்புகிறாள். இதற்கு உங்களைக் குறை சொல்ல முடியாது, இது என் பங்கு.

இன்னொன்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். உங்கள் கடிதங்களை எழுதியிருந்தபடி நான் வாசிக்கவில்லை. பிப்ரவரிக் கடிதத்தை மட்டும்தான் அப்படியே வாசித்தேன். ஏப்ரலில் நீங்கள் எழுதியது ஏழெட்டு வரி. அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து, கையைக்கூடத் துடைத்துக்கொண்டு காத்திருந்தாள். அதனால் நானாகச் சேர்த்தேன். "அக்கா, முதுகுவலி எப்படி இருக்கு? அக்கா, குனியாதே. அக்கா, உன்னை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்" என்று வாசித்தேன். முடிந்ததும் காகிதத்தை வாங்கினாள். அதில் ஓர் அக்காகூட இல்லை. விரலை மேலிருந்து கீழே கொண்டுபோனாள், திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள். டிராயரில் வைத்துப் பூட்டினாள். மே மாதக் கடிதத்தில் ஓர் அக்கா இருந்தது. அதன்மேல் விரலை ரொம்ப நேரம் வைத்திருந்தாள். ஜூன் கடிதத்தை நான் காட்டவே இல்லை.

நீங்கள் குடோனில் இருப்பதைச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். பெரிய கடையில் இருக்கும் தம்பியை அவள் வைத்துக்கொள்ளட்டும். பால்கனியையும் துணியையும் பசையையும் சொல்லவில்லை. அத்தையின் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். உங்களை நான் எதுவும் கேட்கப்போவதில்லை. ஏன் என்றும் கேட்கவில்லை. புது ஸ்டாண்டு வேண்டாம். மன்னிப்பும் வேண்டாம், அதை வைத்துக்கொள்ள இந்த வீட்டில் இடமில்லை.

முதல் கடிதத்திலிருந்து நான் உங்களிடம் கேட்டதெல்லாம் அம்மாவுக்காகத்தான், இதுவும் அப்படியே. கேட்கக் கூசித்தான் இத்தனை பக்கம் சுற்றி வந்தேன். பதினேழாம் தேதிக்குள் தபாலில் போட்டால் செப்டம்பர் முதல் தேதிக்குள் வந்துவிடும். போனில் வேண்டாம். போனில் சொன்னால் அவளைத் தேற்றச் சொல்கிறீர்கள் என்று நினைப்பாள். நானாக இட்டுக்கட்டி வாசிக்கவும் மாட்டேன், இனி அவள் எண்ணிப் பார்ப்பாள். உங்கள் கையெழுத்தில், அவள் விரல் வைக்கும்படி கொஞ்சம் பெரிதாக, இதை மட்டும் எழுதி அனுப்புங்கள் மாமா:

அக்கா, நான் அனுப்பிய ஸ்டாண்டு அந்த எடையைத் தாங்காது. அக்கா, அது எனக்குத் தெரியும். அக்கா, நீ சரியாகத்தான் இறுக்கினாய்.